போதும் என்று சொன்ன வடிசாலை

பிறநாடு காணச் செல்வோர் பலவகையினர். சிலர் கோபுரங்களைக் கண்டு வியப்பர். சிலர் ஓவியச் சாலைகளில் நாளைக் கழிப்பர். வேறு சிலர் கடைத்தெருவோடு மனநிறைவடைந்து திரும்புவர். ஒரு நாட்டின் உணவையும் பானத்தையும் ஆராயப் புகுவோர் சிலரே. ஆயினும், ஒரு மக்கட் கூட்டத்தின் மண்வளம், தட்பவெப்பம், சமயம், சட்டம், போர் ஆகிய யாவும் அவர்தம் அடுக்களையிலும் நிலவறையிலும் தம் சுவடுகளைப் பதித்தே செல்கின்றன. பெல்ஜிய நாட்டிலே அச்சுவடுகளைத் தேடிப் போகின்றவன், இறுதியில் ஒரு கிண்ணம் கருநிறப் பியரின் முன் வந்து நிற்பான். 2016ஆம் ஆண்டில் யுனெஸ்கோ நிறுவனமே அந்நாட்டின் பியர்ப் பண்பாட்டை மனிதகுலத்தின் மரபுச் செல்வங்களுள் ஒன்றாகச் சேர்த்துக்கொண்டது.

குடும்பத்தார் கூடியிருந்து படிக்கும் பக்கத்தில் மதுவைப் பற்றிய பேச்சு எதற்கு என்று நேயர்கள் சிலர் புருவத்தை நெரிக்கக்கூடும். குடிக்குப் புகழ் பாடுவது எமது நோக்கமன்று. உலகம் முழுவதும் “இன்னும் தா, இன்னும் தா” என்று கையேந்தி நின்றபோது, “போதும்” என்று அமைதியாகச் சொல்லிவிட்ட வடிசாலை ஒன்று பெல்ஜியத்தின் மேற்கெல்லையிலே இருக்கிறது. அதனைக் காணவே சென்றோம். கண்டதையும், நுகர்ந்ததையும், சுவைத்ததையும், அவற்றால் எம்முள் எழுந்த எண்ணங்களையும் இங்கே கூறுகின்றோம்.

ஹொப் கொடியின் ஊர்

ஆவணி மாதம் முடிவதற்குச் சில நாள்கள் இருந்தன. பிரசெல்ஸ் நகரிலிருந்து மேற்கு நோக்கிச் செல்லும் புகைவண்டியில் ஏறினோம். எம்முடன் வந்தவர் வடமராட்சியைச் சேர்ந்த ஓய்வுபெற்ற ஆசிரியர். இப்பொழுது மகளுடன் பெல்ஜியத்தில் வாழ்கின்றார். ஊரவரைப் போல நாமும் அவரை ‘மாஸ்டர்’ என்றே அழைப்பது வழக்கம். வாழ்நாளில் ஒரு துளி மதுவையேனும் நாவில் வைத்தறியாதவர். “நீங்கள் குடிப்பதைப் பார்க்க நான் ஏன் வரவேண்டும்?” என்று முதலில் மறுத்தவர், நாம் போகுமிடம் துறவிகளின் மடம் என்று கேட்டதும் குடையை எடுத்துக்கொண்டு புறப்பட்டுவிட்டார்.

ஏறக்குறைய இரண்டு மணி நேரப் பயணம். நிலம் வரவரத் தட்டையாகின்றது. கோர்ட்ரைக் நகரைக் கடந்து, முதலாம் உலகப் போரில் மண்ணோடு மண்ணாக்கப்பட்டு மீண்டும் எழுந்த ஈப்பர் நகரையும் தாண்டினால், தண்டவாளமே முடிந்துவிடுகின்றது. அவ்விடத்தில் இருக்கின்ற சிறு பட்டினம் பொப்பரிங்க.

நிலையத்தை விட்டு வெளியே வந்ததும், ஊரின் புறத்தே உயர்ந்த கம்பங்கள் வரிசை வரிசையாய் நிற்பதைக் கண்டோம். கம்பங்களிடையே கட்டிய கம்பிகளைப் பற்றிக்கொண்டு பச்சைக் கொடிகள் வான்நோக்கி ஏறியிருந்தன. நம்மூர் வெற்றிலைக் கொடிக்காலை மூன்று மடங்கு உயர்த்திப் பார்த்தால் எப்படியிருக்குமோ, அப்படி இருந்தது அந்தக் காட்சி. இவையே ஹொப் கொடிகள். இவற்றின் பெண்பூக்கள் சிறு கூம்புகளைப் போலக் கொத்துக் கொத்தாய்த் தொங்குகின்றன. ஒன்றைப் பறித்துக் கசக்கினால் மஞ்சள் நிறப் பொடி விரலில் ஒட்டும். எலுமிச்சந்தோலும் பச்சிலையும் கலந்தாற்போன்ற வாசனை எழும். நாவில் வைத்தாலோ கடுங்கைப்பு. பியருக்குக் கைப்பைத் தருவதும், அது விரைவில் கெடாமல் காப்பதும் இந்தப் பொடியே. வேப்பம்பூ வடகத்தைப் பொரித்து விரும்பி உண்ணும் நமக்கு, கைப்பும் ஒரு சுவையே என்பதை எவரும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை.

பொப்பரிங்க மக்கள் ஹொப்பைத் தம் பட்டினத்தின் குலதனமாகப் போற்றுகின்றனர். மூன்றாண்டுக்கு ஒருமுறை செப்டெம்பர் மாதத்தில் அதற்கு ஊர்வலத்துடன் கூடிய பெருவிழா எடுக்கின்றனர். முற்காலத்தில் ஹொப்பை நிறுத்து முத்திரையிட்ட நிறுவைக் கூடம் இன்று அரும்பொருட் காட்சிசாலையாகியிருக்கின்றது.

அவ்வூரிலே மறக்கவொண்ணாத இல்லம் இன்னுமொன்றுண்டு. முதலாம் உலகப் போரின்போது, பகைவர் கைப்படாது எஞ்சிய பெல்ஜிய மண்ணில் பொப்பரிங்கவும் ஒன்று. போர்முனையிலிருந்து களைத்து வந்த படைவீரருக்காக, 1915ஆம் ஆண்டு டிசம்பரில், பிலிப் கிளேட்டன் என்னும் படைக்குருவானவர் ஹொப் வணிகர் ஒருவரின் மாளிகையில் ஓய்வில்லம் ஒன்றைத் திறந்தார். ‘டால்பட் இல்லம்’ என்பது அதன் பெயர். அங்கே அதிகாரி என்றும் சிப்பாய் என்றும் வேற்றுமை இல்லை. ஹொப் உலர்த்திய மேல்மாடமே வழிபாட்டறை ஆயிற்று. ஊரெங்கும் மதுக்கடைகள் மலிந்திருந்த அக்காலத்தில் அவ்வில்லத்தில் மது மட்டும் வழங்கப்படவில்லை, தேநீரே வழங்கப்பட்டது. இன்றும் அவ்வில்லம் காட்சிசாலையாகவும் விடுதியாகவும் இருக்கின்றது. மாஸ்டர் அங்கே ஒரு கோப்பைத் தேநீரை நிதானமாக அருந்தி, “ஹொப் வியாபாரியின் வீட்டிலே தேநீர்! ஊர் என்றால் இப்படித்தான் இருக்கவேண்டும், இரண்டுக்கும் இடம் இருக்கிறது” என்றார்.

காட்டிடையே ஒரு மடம்

பட்டினத்திலிருந்து மடம் ஏழு கிலோமீற்றருக்குள்ளாக உள்ளது. துவிச்சக்கர வண்டிகள் இரண்டை வாடகைக்கு எடுத்தோம். நாற்பது ஆண்டுகள் வண்டியிலேயே பள்ளிக்கூடம் போய்வந்த மாஸ்டருக்கு அந்தச் சமநிலம் ஒரு பொருட்டாகவே இல்லை, நாமே பின்தங்கினோம். இருமருங்கும் ஹொப் தோட்டங்கள், மேயும் பசுக்கள், செங்கல் வீடுகள். தெற்கே, தொலைவில், பிரான்சு நாட்டெல்லைக்கு அப்பால் ஒரு குன்று தெரிந்தது. அதன்மேலும் ஒரு துறவிமடம் உண்டு. நாம் தேடிப்போன மடத்தின் தாய்வீடு அதுவே.

வெஸ்ட்விளேட்டரன் என்னும் சிற்றூரைச் சேர்ந்த காட்டோரத்தில், 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், பொப்பரிங்க ஹொப் வணிகர் ஒருவர் உலகைத் துறந்து தனித்து வாழத் தலைப்பட்டார். 1831ஆம் ஆண்டில் அந்தக் குன்றின் மடத்திலிருந்து துறவிகள் சிலர் இறங்கிவந்து அவருடன் சேர்ந்தனர். அர்ச். சிக்ஸ்துஸ் மடம் இவ்வாறு தோன்றியது. சில ஆண்டுகளிலேயே, 1830களின் இறுதியில், மடத்தில் பியர் வடித்தலும் தொடங்கியது. கட்டட வேலை செய்வோருக்கு அக்கால வழக்கப்படி நாள்தோறும் பியர் கொடுக்கவேண்டியிருந்தது. அதனை விலைக்கு வாங்குவதினும் தாமே வடிப்பது நன்று என்று துறவிகள் கண்டனர்.

இவர்கள் சிஸ்டர்சியன் சபையின் கடும் ஒழுக்கப் பிரிவினர். பிரான்சு நாட்டு ‘லா திராப்’ என்னும் மடத்தில் 17ஆம் நூற்றாண்டில் எழுந்த சீர்திருத்தத்தின் வழி வந்தமையால் ‘திராப்பிஸ்து’கள் எனப் பெயர் பெற்றனர். வைகறைக்கு முன்னரே எழுந்து வழிபடுவர், வேண்டியபோதன்றிப் பேசார். தமிழ்க் கத்தோலிக்கர் அர்ச். ஆசீர்வாதப்பர் என்றழைக்கும் பெனடிக்ட் முனிவர் 6ஆம் நூற்றாண்டில் வகுத்த ஒழுங்கே இவர்களுக்கு நூல். துறவி தன் கையுழைப்பால் வாழவேண்டும் என்பது அதன் விதிகளுள் ஒன்று. மதுவைப் பற்றியும் அவர் ஒரு விதி செய்திருக்கின்றார். மது துறவிக்கு ஆகாதுதான். ஆயினும் இக்காலத்துத் துறவிகளை அவ்வாறு நம்பவைத்தல் அரிது. ஆகவே மிதமிஞ்சாது சிறிதளவே அருந்துக என்பது அதன் சாரம். மனித இயல்பை நன்கறிந்த ஒருவரின் புன்னகை அவ்விதியின் பின்னே ஒளிந்திருப்பதாகவே எமக்குத் தோன்றியது.

செங்கல் மதிலுக்குள்ளே மடம். வடிசாலையைப் பார்வையிடப் பொதுமக்களுக்கு இடமில்லை. மணியோசை கேட்டது, பிறிதோர் ஓசையும் இல்லை. முதலாம் உலகப் போரின்போது பெல்ஜியத்தின் ஏனைய திராப்பிஸ்து வடிசாலைகளின் செப்புக் கொப்பரைகளை ஜேர்மானியர் உருக்கிக்கொண்டுபோயினர். இம்மடம் அவர்கள் கைப்படாத பகுதியில் இருந்தமையால் இங்கிருந்த கொப்பரைகள் தப்பின. போர்க்காலம் முழுவதும் இங்கே நேசப்படை வீரருக்குப் புகலிடம் இருந்தது.

கருமை எங்கிருந்து வந்தது?

மடத்தில் மூவகைப் பியர் வடிக்கப்படுகின்றது. பச்சை மூடியிட்டது பொன்னிறம், மதுசாரம் 5.8 வீதம். நீல மூடியிட்டது ‘எட்டு’, கருங்கபிலம், 8 வீதம். மஞ்சள் மூடியிட்டதே பேர்பெற்ற ‘பன்னிரண்டு’, 10.2 வீதம். பன்னிரண்டு என்பது மதுசார வீதமன்று. நொதிக்குமுன் கரைசல் எவ்வளவு செறிவுடையது என்று காட்டப் பெல்ஜியர் பண்டு வழங்கிய அளவையின் வழி வந்த பெயர். 1945ஆம் ஆண்டு தொடங்கி நெடுங்காலம் இப்போத்தல்களில் பெயர்ச்சீட்டு ஒட்டப்பட்டதில்லை. சொல்லவேண்டியவை யாவும் மூடியிலேயே அச்சிடப்பட்டிருந்தன.

செய்முறை கேட்பதற்கு எளிது. வாற்கோதுமையை நனைத்து முளைகட்டி உலர்த்துவர். அதனை நொறுக்கி வெந்நீரில் ஊறவிட்டால், முளையில் பிறந்த நொதியங்கள் மாப்பொருளைச் சர்க்கரையாக மாற்றும். அந்த இனிய சாற்றை ஹொப்புடன் கொதிக்கவைத்து ஆற்றி மதுவத்தைச் சேர்ப்பர். மதுவம் சர்க்கரையை உண்டு மதுசாரத்தையும் காபனீரொட்சைட்டையும் வெளியிடும். கள் விட்டு அப்பமாவைப் புளிக்கவைக்கும் யாழ்ப்பாணத்து இல்லத்தரசிக்கு இந்த இரகசியம் புதிதன்று. மாவைப் பொங்கவைப்பதும் பியரை நுரைக்கவைப்பதும் ஒரே உயிரினத்தின் வேலையே. இம்மடத்தாருக்கு வேண்டிய மதுவம் வெஸ்ட்மாலே என்னும் இடத்திலுள்ள உடன்பிறப்பு மடத்திலிருந்து வருகின்றது.

கருமைக்கு வருவோம். நம் நாட்டில் ‘ஸ்டவுட்’ எனப்படும் கரும்பியர் கறுப்பது, காப்பிக்கொட்டைபோல் வறுத்த தானியத்தால். நுவரெலியாவின் குளிரிலே 19ஆம் நூற்றாண்டில் வேரூன்றிய வடிசாலைத் தொழிலின் வழிவந்த நம் நாட்டு ஸ்டவுட்டுக்கும் உலகச் சுவைஞரிடையே நற்பெயர் உண்டு. பெல்ஜியப் பியர்களை உலகறியச் செய்த ஆங்கில எழுத்தாளர் மைக்கல் ஜாக்சன் (1942–2007) இதனையும் விதந்து எழுதியிருக்கின்றார். பாடகர் வேறு, இவர் வேறு. வெஸ்ட்விளேட்டரன் பியரின் கருமையோ பெரும்பாலும் சர்க்கரையின் கருமை. பீட்கிழங்குச் சர்க்கரையைக் கருகும் பதம்வரை காய்ச்சிய பாகு அதிற் சேர்கின்றது. பாகு பானத்தின் உடலைக் கனக்கச் செய்யாமல் வலிமையையும் நிறத்தையும் மணத்தையும் தருகின்றது. பின்னர் வாரக்கணக்கில் குளிர்ந்த தொட்டிகளில் முதிர்ந்து, போத்தலுக்குள் மீண்டும் ஒருமுறை நொதித்து, உயிருள்ள மதுவம் அடியில் படிய, அது விற்பனைக்கு வருகின்றது. நன்றாக வைத்தால் ஆண்டுக்கணக்கிலும் இருக்கும். இருக்க இருக்கச் சுவை மாறும்.

கண், மூக்கு, நா

மடத்தின் எதிரே துறவிகளுக்குரிய உணவுச்சாலை ஒன்றுண்டு. ‘அமைதியிலே’ என்று பொருள்படும் பெயர் அதற்கு. முதியோர், குழந்தையோடு வந்த பெற்றோர், வண்டியோட்டிகள் எனப் பலரும் அமர்ந்திருந்தனர், கூச்சல் இல்லை. மாஸ்டர் மடத்துப் பாற்கட்டியும் ரொட்டியும் தருவித்தார். எம்முன் ஒரு ‘பன்னிரண்டு’ வந்தது.

இதனை நன்கறிந்தவர்கள் சுவைக்கும் முறை ஒன்றுண்டு. முதலாவது, அதிகம் குளிர்விக்கக் கூடாது. பனிக்கட்டிபோற் குளிர்ந்தால் நா மரத்துப்போகும்; மணம் எழாது. 12 முதல் 16 பாகை செல்சியஸ் வரையுள்ள நிலவறைக் குளிர்மையே போதும். இரண்டாவது, வாயகன்ற கிண்ணத்தைச் சாய்த்து மெல்ல வார்த்து, அடியில் தங்கிய மண்டியைப் போத்தலிலேயே விட்டுவிட வேண்டும். மூன்றாவது, உடனே குடித்துவிடலாகாது.

கண்ணுக்கு முதலிடம். கிண்ணத்தில் கருப்பாய்த் தோன்றியதனை வெயிலுக்கு நேரே பிடித்தபோது, அடிவிளிம்பில் மாணிக்கச் சிவப்பு மின்னியது. மேலே பழுப்பு வெண்மையான நுரை ஆடைபோற் படிந்திருந்தது. அடுத்து மூக்கு. உலர்ந்த முந்திரிகை, பேரீச்சம்பழம், அத்திப்பழம், கருகிய சர்க்கரை. சற்றே பொறுத்தால் கராம்பை நினைவூட்டும் காரமணம். இவற்றுள் ஒன்றையேனும் துறவிகள் கொப்பரையில் இடவில்லை என்பதே வியப்பு. காய்ச்சிய பாகும் மதுவமும் காலமும் சேர்ந்து உண்டாக்கிய மணங்கள் இவை. இறுதியாக நா. முதலில் இனிப்பு, இடையில் பழத்தின் மெல்லிய புளிப்பு, விழுங்கியபின் ஹொப்பின் கைப்பு, அதற்கும் பிறகு நெஞ்சில் இறங்கும் வெம்மை. ஒரு மிடறுக்கும் மறு மிடறுக்கும் இடையே இரண்டு மூன்று நிமிடம் விட்டால், கிண்ணம் வெதுவெதுப்பாக ஆக, சற்றுமுன் இல்லாத மணமொன்று எழுகின்றது. அவசரக்காரனுக்கு இப்பானம் தன் கதையின் முதல் ஏட்டை மட்டுமே காட்டும்.

மாஸ்டர் நெடுநேரம் கிண்ணத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, “மணந்து பார்ப்பதில் பாவமில்லையே?” என்று கேட்டு, அதைக் கையில் எடுத்தார். கண்ணை மூடிக்கொண்டார்.

“பனங்கட்டி காய்ச்சுகிற கொட்டில்” என்றார் மெதுவாக. “பாகு முற்றி இறக்குகிற நேரத்திலே வருமே, அந்த மணம்.”

கிண்ணத்தைத் திருப்பி வைத்துவிட்டுச் சிறிது நேரம் பேசாதிருந்தார். பின்பு அவர் சொன்னது இது: “என் தகப்பனார் நல்ல மனிதர், குடி அவரைத் தின்றுவிட்டது. அவர் குடித்த ஒவ்வொரு போத்தலும் எங்கள் வீட்டிலிருந்து ஒன்றைக் கொண்டுபோயிற்று. ஆச்சியின் தோடு போயிற்று; வளவில் பாதி போயிற்று; தமக்கையின் படிப்பும் போயிற்று. அவர் ஒருநாளாவது இப்படி மணந்து பார்த்துக் குடித்ததை நான் கண்டதில்லை. கண்ணை மூடிக்கொண்டு மருந்து விழுங்குவது போலத்தான் விழுங்குவார்.”

நாம் மறுமொழி எதுவும் கூறவில்லை. இன்னுமொரு கிண்ணம் தருவிக்கும் எண்ணமும் எமக்கு எழவில்லை. திரும்பும்போது வண்டிகளை ஏறியோட்டாமல் தள்ளிக்கொண்டே நடக்கவேண்டும் என்று மாஸ்டர் கண்டிப்பாகச் சொன்னார், கீழ்ப்படிந்தோம்.

‘போதும்’ என்னும் சொல்

நடக்கும்போது பேச்செல்லாம் அம்மடத்தின் வரலாற்றைப் பற்றியே இருந்தது. இரண்டாம் உலகப் போர் முடிந்த காலத்தில், வாணிகம் பெருகித் தவவாழ்வை விழுங்கிவிடும் என்று அஞ்சிய மடத்தார் விற்பனையைச் சுருக்கினர். அயலூராகிய வாட்டூவிலுள்ள வடிசாலை ஒன்றுக்கு 1946ஆம் ஆண்டில் மடத்தின் பெயரால் வடிக்கும் உரிமையை அளித்தனர். 1992இல் அந்த ஏற்பாடும் முடிவுற்றது. அதன்பின் பியரும் மடத்தினுள்ளேயே, பெயரும் மடத்தினுள்ளேயே. ஆண்டுக்குச் சுமார் 6,000 ஹெக்டோலிட்டர், அதாவது ஆறு இலட்சம் லீற்றர். பெருந்தொழிற்சாலை ஒன்று சில நாள்களில் வடித்துவிடும் அளவே இது.

2005ஆம் ஆண்டில், உலகச் சுவைஞர் பலர் கலந்துகொண்ட வாக்கெடுப்பு ஒன்றில் இந்தப் ‘பன்னிரண்டு’ உலகின் தலைசிறந்த பியர் எனத் தெரிவாயிற்று. அடுத்து நிகழ்ந்தது என்ன? ஒடுங்கிய நாட்டுப்புறச் சாலையில் மோட்டார் வண்டிகள் அணிவகுத்து நின்றன, இருப்புத் தீர்ந்துபோயிற்று. வேறு எவராயினும் விலையை உயர்த்தியிருப்பர். புதிய கொப்பரைகள் நாட்டியிருப்பர். துறவிகளோ இரண்டையும் செய்யவில்லை. தொலைபேசியில் முன்கூட்டிச் சொல்லி, வண்டியின் இலக்கத்தையும் கொடுத்து, குறித்த நாளில் வந்து, குறித்த அளவே பெற்றுச் செல்லலாம். வாங்கியதை மறுவிற்பனை செய்யலாகாது என்று ஒழுங்கு செய்தனர். 2019இல் தொலைபேசிக்குப் பதிலாக இணையவழிப் பதிவு வந்தது. வாங்கிச் சென்று பன்மடங்கு விலைக்கு விற்போர் இன்றும் இல்லாமலில்லை. அந்த இலாபத்தில் ஒரு சதமேனும் மடத்துக்குச் சேர்வதில்லை.

ஒரேயொரு முறை இவ்வொழுங்கு தளர்ந்தது. பழுதடைந்த மடத்தைப் புதுக்கிக் கட்டப் பணம் வேண்டியிருந்தது. 2011ஆம் ஆண்டு நவம்பரில் பெல்ஜியக் கடைகளிலும், 2012ஆம் ஆண்டு டிசம்பரில் அமெரிக்கா முதலிய நாடுகளிலும் ஆறு போத்தலும் இரு கிண்ணமும் அடங்கிய பெட்டிகள் விற்பனைக்கு விடப்பட்டன. விரைவிலேயே விற்றுத் தீர்ந்தன. மடத்தைக் கட்டினர். பின்னர் பழைய அளவுக்கே திரும்பினர். துறவிகளாக வாழ்வதற்காகவே பியர் வடிக்கின்றோம். பியர் வடிப்பதற்காகத் துறவிகளாகவில்லை என்பது அவர்தம் கொள்கை.

இவ்வொழுங்கைக் காப்பதற்கென 1997இல் பன்னாட்டுத் திராப்பிஸ்துச் சங்கம் ஒன்றும் நிறுவப்பட்டது. மடத்தின் எல்லைக்குள்ளே, துறவிகளின் கண்காணிப்பில் வடிக்கப்பட்டு, ஊதியம் மடத்தின் தேவைக்கும் அறச்செயலுக்கும் செல்லும் பியருக்கே அதன் அறுகோண முத்திரை கிடைக்கும். இன்று இளைஞர் துறவு பூணுதல் அருகிவருகின்றது. ஆக்கல் என்னும் பெல்ஜிய மடத்தில் துறவிகள் இல்லாதொழிந்தமையால், 2021இல் அதன் பியர் அம்முத்திரையை இழந்தது. கொப்பரையும் செய்முறையும் கெடாதிருந்தும், பெயர் நிலைக்கவில்லை. மனிதரே குறைந்துபோனால் மரபு எங்ஙனம் நிற்கும்?

வலிமையும் எச்சரிக்கையும்

பெல்ஜியத்தில் வலிமைமிக்க பியர்கள் பெருகியமைக்கு ஒரு சட்டமும் துணைநின்றது என்பர். 1919ஆம் ஆண்டில், உழைப்பாளர் குடும்பங்களைச் சாராயத்தினின்றும் காக்கும் பொருட்டு, மதுச்சாலைகளில் சாராய வகைகள் விற்பதை அந்நாடு தடை செய்தது. கடும்பானத்துக்குப் பழகிய நாக்கு, தடைசெய்யப்படாத பியரிலே கடுமையைத் தேடியது, வடிசாலைகளும் கொடுத்தன. 1983 வரை அத்தடை இருந்தது. சட்டத்தால் மட்டும் மனிதனின் வேட்கையை அடைத்துவிட முடியாது என்பதற்கு இஃது ஓர் எடுத்துக்காட்டு.

ஒரு கணக்கையும் நேயர்கள் நினைவிற் கொள்ளவேண்டும். 33 சென்ரிலீற்றர் கொண்ட ஒரு ‘பன்னிரண்டு’ போத்தலில் சுமார் 27 கிராம் மதுசாரம் இருக்கின்றது. 5 வீதமுள்ள சாதாரணப் பியர் இரண்டு போத்தலுக்கு இது சமன். இனிமை நாவை ஏமாற்றும், கால்களை ஏமாற்றாது. மதுசாரத்தில் உடலுக்குத் தீங்கற்ற அளவு என்று ஒன்றுமில்லை என உலகச் சுகாதார நிறுவனம் 2023இல் தெளிவாக அறிவித்திருக்கின்றது. நம் நாட்டுச் சட்டமும் 21 வயது நிரம்பாதவருக்கு மது விற்பதைத் தடுக்கின்றது. துறவியர் வடித்தது என்பதனால் மது மருந்தாகிவிடாது. திராப்பிஸ்து மடங்களிலே துறவிகள் தம் உணவோடு கொள்வது பெரும்பாலும் வலிமை குறைந்த பியரே என்பதையும் மறத்தலாகாது. கடுமையானதை வடிக்கத் தெரிந்தவருக்கே அதன் கடுமையும் தெரிகின்றது.

மாணவர்கள் இதிலிருந்து கொள்ளத்தக்கது ஒன்று உண்டாயின், அது சுவைக்கும் கலை. அதற்கு மது வேண்டியதில்லை. தேயிலையின் நீரிலும், நம்மூர்க் கறுத்தக்கொழும்பான் மாம்பழத்திலும், பனங்கட்டித் துண்டிலும் அக்கலையைப் பயிலலாம். கண்ணாற் பார்த்து, மூக்கால் அறிந்து, நாவில் நிறுத்திச் சுவைப்பவன் அளவை மீறுவது அரிது. ஏனெனில் அவன் தேடுவது மறதியை அன்று, அறிவை. விழுங்குகின்றவனுக்கோ எவ்வளவும் போதாது.

பொப்பரிங்கவின் விளக்குகள் தெரியத் தொடங்கியபோது மாஸ்டர் ஒன்று சொன்னார். “ஒரே பனை, ஒரே பாளை, ஒரே முட்டி. முட்டியின் உட்புறத்தில் சுண்ணாம்பு தடவிக் கட்டினால் விடியற்காலையிலே கருப்பநீர், காய்ச்சினால் பனங்கட்டி. தடவாமல் கட்டினால் கள். வித்தியாசம் ஒரு விரல் சுண்ணாம்புதான். அந்த மடத்தாரிடம் அந்தச் சுண்ணாம்பு இருக்கிறது.”

அதற்குமேல் நாம் சேர்த்துச் சொல்ல எதுவும் இருக்கவில்லை. வண்டிகளைக் கடைக்காரரிடம் ஒப்படைத்துவிட்டுக் கடைசிப் புகைவண்டிக்கு விரைந்தோம்.